நாமே வைக்கும் புள்ளி

விமானி கொடுக்கும் பறப்புத் திட்டத்தில் படம் எதுவும் இருக்காது. புறப்படும் நிலையம், சேரும் நிலையம், நடுவில் சில வான்தடங்களின் எண்கள், சில புள்ளிகளின் பெயர்கள் என்று எல்லாம் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும் கோட்டை விமானத்தின் கணினி தானே கணக்கிட்டுக்கொள்ளும். புள்ளி சரியாக இருந்தால் கோடும் சரியாக இருக்கும். புள்ளி பிசகிவிட்டால், பிசகிய அந்த இடத்துக்கே கணினி துளியும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த நாடும் வெளியிடாத, நாமே கையால் பாதையில் சேர்க்கிற புள்ளிகளைப் பற்றியது இந்த அத்தியாயம்.

வழிப்புள்ளிகளில் பெரும்பாலானவை நாம் உண்டாக்கியவை அல்ல. ஒரு காலத்தில் அவை தரையில் நின்ற வானொலி நிலையங்கள். பின்னர், கீழே எதுவுமே இல்லாத வெறும் இடங்களுக்கும் பெயர் வைத்தார்கள். ஐந்து ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். வாயால் சொல்ல வர வேண்டும். வானொலியில் பக்கத்துப் புள்ளியோடு குழம்பக் கூடாது. சுட்ட இறைச்சிக்குப் பேர்போன அமெரிக்காவின் கான்சஸ் நகர வான்வெளியில் ‘பார்பிக்யூ’, ‘ஸ்பைசி’, ‘ரிப்ஸ்’ என்ற ஒலி வரும்படி புள்ளிகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அந்தந்த நாட்டின் விமானத்துறை அதன் இருப்பிடத்தைக் கணித்து வெளியிடுகிறது. 28 நாளுக்கு ஒருமுறை உலகம் முழுவதும் ஒரே தேதியில் தரவுத்தொகுப்பு புதுப்பிக்கப்படுகிறது. தவறு இருந்தால் கண்டுபிடிக்க ஆயிரம் கண்கள் இருக்கின்றன. நாம் சேர்க்கும் புள்ளிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அப்படியானால் சொந்தப் புள்ளி எதற்கு? குறியீடே இல்லாத சிறு ஓடுதளத்தில் இறங்க வேண்டியிருக்கலாம். காட்டுத்தீயைப் படமெடுக்கவோ, கடலில் காணாமல்போன படகைத் தேடவோ போக வேண்டியிருக்கலாம். தடைசெய்யப்பட்ட வான்வெளியின் மூலையை ஒதுங்கிக் கடக்க வேண்டியிருக்கலாம். கிளைடர் ஓட்டுபவர்களுக்குத் திரும்புமுனை ஒரு குன்றாகவோ தேவாலயக் கோபுரமாகவோ இருக்கும். வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களோ தங்கள் சொந்த ஊரின் மேலேயே ஒரு புள்ளியை வைத்துப் பறக்க ஆசைப்படுவார்கள். எல்லாமே நியாயமான தேவைகள்தான்.

புள்ளி வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. திரையில் தெரியும் வரைபடத்தில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்தால் அங்கேயே ஒரு புள்ளி முளைக்கும். பாதைக் கோட்டையே விரலால் இழுத்துப் புதிய இடத்தில் விட்டாலும் போதும். இதில் எழுத்துப்பிழை நேராது. ஆனால் வரைபடத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு விரலால் அழுத்தினால், ஒரு விரல்நுனியே பல கிலோமீட்டரை மறைத்துவிடும். இரண்டாவது வழி, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எண்ணாகத் தட்டச்சு செய்வது. மூன்றாவது, தெரிந்த புள்ளி ஒன்றிலிருந்து இந்தத் திசையில் இத்தனை தூரம் என்று சொல்வது.

மூன்றாவதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பறப்புத் திட்டப் படிவத்தில் இந்தத் திசையைக் காந்த வடக்கிலிருந்து அளந்து எழுதுவது வழக்கம். வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் கிடைப்பதோ உண்மை வடக்கிலிருந்து வரும் கோணம். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது என்பதால் நமக்கு இது உறைக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அது ஏறத்தாழ 20 டிகிரி. அங்கே 60 கடல் மைல் தொலைவில் ஒரு புள்ளியை வைக்கும்போது ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் புள்ளி 20 கடல் மைல் தள்ளிப் போய்விழும். விமானிகள் மனக்கணக்காகவே வைத்திருக்கும் விதி இது: 60 மைல் தூரத்தில் ஒரு டிகிரிப் பிசகு என்றால் ஒரு மைல் விலகல்.

எண்ணாகத் தட்டச்சு செய்வதில் வரும் குழப்பம் இன்னும் எளிதானது. அதனாலேயே ஆபத்தும் கூடுதல். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். வானியலிலும் கடலோட்டத்திலும் வழிவழியாக வந்த கணக்கு இது. விமான வரைபடங்களும் இதையே பின்பற்றுகின்றன. கைப்பேசி வரைபடங்களோ டிகிரியைப் பத்தின் பின்னமாகக் காட்டுகின்றன. சென்னை விமான நிலையம் இருப்பது வடக்கு 12 டிகிரி 59 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 10 நிமிடம் என்ற இடத்தில். இதை அப்படியே 12.59, 80.10 என்று கைப்பேசியில் அடித்துப் பாருங்கள். மீனம்பாக்கத்துக்குப் பதிலாகத் திருக்கழுக்குன்றத்துக்கு அருகில் போய் நிற்பீர்கள். 40 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. இரண்டுமே கேட்பதற்கு நியாயமான எண்கள், இரண்டுமே நிலத்தின் மேல்தான் இருக்கின்றன. எனவே எந்த மென்பொருளும் இதைப் பிழை என்று சொல்லாது.

எண்ணைத் தூரமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். உலகின் எந்த இடத்திலும் இது ஏறக்குறைய மாறாது. தீர்க்கரேகை அப்படிப்பட்டதல்ல. சாத்துக்குடிச் சுளைகளைப் போல இந்த ரேகைகள் நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூடிவிடுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைலாக இருக்கும் தீர்க்கரேகை நிமிடம், 60-ஆவது அட்சரேகையில் அரை மைலாகிறது. 78-ஆவது அட்சரேகைக்குப் பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். எவ்வளவு என்று துல்லியமாக வேண்டுமானால் அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். அன்டார்க்டிகாவில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பெருக்கல் தேவைப்படும்.

1977-இல் ஏர் நியூசிலாந்து நிறுவனம் அன்டார்க்டிகாவைச் சுற்றிக் காட்டும் பயணங்களைத் தொடங்கியது. ஆக்லாந்தில் கிளம்பி, பனிக்கண்டத்தின் மேல் பறந்து, எங்கும் இறங்காமல் நியூசிலாந்துக்குத் திரும்பும் ஒருநாள் பயணம். தெற்கே கடைசிப் புள்ளி, ரோஸ் தீவில் உள்ள அமெரிக்க ஆய்வுத்தளமான மெக்மர்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதே தீவில்தான் 3,794 மீட்டர் உயரமுள்ள எரபஸ் எரிமலையும் நிற்கிறது. வடக்கே கேப் ஹாலட் முனையிலிருந்து மெக்மர்டோவுக்கு நேர்கோடு இழுத்தால் அது எரபஸின் மேல் போகும். தீவின் மேற்கே மெக்மர்டோ நீரிணை, உறைந்த சமதளமாக விரிந்து கிடக்கிறது.

1978-இல் பாதைகள் நிறுவனத்தின் தரைக் கணினியில் ஏற்றப்பட்டபோது, கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை 166 டிகிரி 48 நிமிடம் என்பதற்குப் பதில் 164 டிகிரி 48 நிமிடம் என்று பதிவானது. ஓர் இலக்கம்தான் மாறியது. இரண்டு டிகிரி என்பது 120 நிமிடம். அந்த அட்சரேகையின் கொசைன் 0.21, பெருக்கினால் 25 கடல் மைல். புள்ளி மேற்கே நகர்ந்து நீரிணைக்குப் போய்விட்டது. விமானங்கள் எரிமலையின் மேல் போகாமல், அதை இடப்பக்கம் விட்டுவிட்டு நீரிணையின் வழியாகப் போயின. பதினான்கு மாதங்கள் இப்படியே ஓடின. விமானிகள் பார்த்த விளக்கத் தாள்களிலும் அந்த எண்ணே இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் பாதை.

1979 நவம்பர் நடுவில் சென்றுவந்த ஒரு கேப்டன், கடைசிப் புள்ளிக்கும் மெக்மர்டோவில் உள்ள வானொலி வழிகாட்டிக்கும் 27 கடல் மைல் இடைவெளி இருப்பதைக் கவனித்துச் சொன்னார். நிறுவனத்தின் வழிகாட்டல் பிரிவு அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. தங்கள் பதிவில் 166 டிகிரி 48 நிமிடம்தான் இருக்கிறது, வழிகாட்டி 166 டிகிரி 58 நிமிடத்தில் இருக்கிறது, வித்தியாசம் 10 நிமிடம் என்று நினைத்ததாகப் பிறகு விசாரணையில் சொன்னார்கள். பத்தை 0.21-ஆல் பெருக்குங்கள்: 2.1 கடல் மைல். இவ்வளவு சின்னத் திருத்தத்துக்கு யாரையும் எச்சரிக்க வேண்டியதில்லை என்று தோன்றியிருக்கிறது. 164 டிகிரி 48 நிமிடத்திலிருந்து அதே இடத்துக்கு 130 நிமிடம். 27 கடல் மைல். கேப்டன் சொன்ன எண் அப்படியே வருகிறது. கோப்பைத் திறந்து கணினியில் இருக்கும் எண்ணை ஒருமுறை நேரில் படித்திருந்தால் இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

நவம்பர் 28 அதிகாலையில் எண் வழிகாட்டியின் 166 டிகிரி 58 நிமிடமாக மாற்றப்பட்டது. அன்று காலை புறப்பட இருந்த 901-ஆம் எண் விமானத்தின் குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. கேப்டன் ஜிம் காலின்ஸ் 9-ஆம் தேதி நடந்த விளக்கக் கூட்டத்தில் பழைய எண்ணைப் பார்த்தவர். முதல்நாள் இரவு வீட்டில் வரைபடங்களை விரித்துப் பாதையைக் குறித்துக்கொண்டார் என்று அவருடைய மகள்கள் சாட்சி சொன்னார்கள். காலையில் குழுவினர் புதிய தாளில் இருந்த எண்களை விமானக் கணினியில் தட்டச்சு செய்தார்கள். அந்தத் தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை. மெக்மர்டோ தளத்துக்கு அனுப்பப்பட்ட பறப்புத் திட்டத்திலோ, கடைசிப் புள்ளியின் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ‘மெக்மர்டோ’ என்ற பெயர் மட்டுமே இருந்தது.

நீரிணையின் மேல் பறப்பதாக நம்பிய குழு, பயணிகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று தாழ இறங்கியது. மேலே மேகம், கீழே வெண்பனி. நடுவில் நிழலே விழாத வெளிச்சம். இந்த நிலையில் ஏறிவரும் பனிச்சரிவு கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும். தொலைவில் பொய்யான தொடுவானம் ஒன்றும் தெரியும். தரை நெருங்குவதாக எச்சரிக்கும் கருவி ஒலித்தபோது எஞ்சியிருந்தது ஆறு விநாடி சொச்சம். அக்காலத்துக் கருவி நேர் கீழே மட்டும் பார்க்கும், எதிரே வரும் மலை அதற்குத் தெரியாது. எரபஸின் அடிச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில் விமானம் மோதியது. 257 பேரும் இறந்தார்கள்.

விபத்து ஆய்வுத் தலைவர் ரான் சிப்பிண்டேல் தந்த அறிக்கை, இருப்பிடம் உறுதியாகாமல் தாழ இறங்கியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. 1981-இல் வந்த நீதிபதி பீட்டர் மாஹனின் விசாரணை ஆணைய அறிக்கை, குழுவுக்குச் சொல்லாமல் எண்ணை மாற்றியதே முதன்மைக் காரணம் என்றது. அந்த அறிக்கையின் சில பகுதிகள் பிறகு நீதிமன்றங்களில் நிற்கவில்லை. வாதங்கள் பல்லாண்டு நீண்டன. நாற்பதாம் ஆண்டில், 2019-இல், நியூசிலாந்துப் பிரதமர் ஜசின்டா ஆர்டன் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். உயரத்தைப் பற்றி எவ்வளவு வாதிட்டாலும், தன் விமானம் எந்தக் கோட்டில் போகிறது என்பதை அறியாத விமானியிடம் உயரக் கணக்குக் கேட்பது முழு நியாயம் ஆகாது என்பதே என் கருத்து.

மாறிய எண்ணை எது காட்டிக்கொடுத்திருக்கும்? கேப் ஹாலட்டிலிருந்து கடைசிப் புள்ளிவரை உள்ள பகுதியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பழைய எண்ணுக்குத் தூரம் 344 கடல் மைல், புதிய எண்ணுக்கு 338. வெறும் 6 மைல்தான் வேறுபாடு. அவசரத்தில் கண்ணை உறுத்தாது. ஆனால் கிளம்பும் திசை நாலரை டிகிரி மாறுகிறது. புள்ளி பக்கவாட்டில் நகர்ந்தால் தூரம் அதிகம் மாறாது, திசைதான் மாறும். கோட்டின் வழியாகவே முன்னோ பின்னோ நகர்ந்தால் திசை மாறாது, தூரம் மாறும். அதனால்தான் இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்றைய பறப்புத் திட்ட மென்பொருள் ஒவ்வொரு பகுதிக்கும் திசை, தூரம் இரண்டையும் பட்டியலில் எழுதிக் காட்டுகிறது. கூடவே பாதையின் கீழே உள்ள நிலத்தைப் பக்கவாட்டுத் தோற்றமாக வரைந்தும் காட்டுகிறது. புள்ளியைச் சேர்த்தவுடன் பார்க்க வேண்டியவை இவை. புள்ளியின் எண்ணையே திரும்பத் திரும்பப் படிப்பதால் பயன் குறைவு. எண்ணைத் தவறாகப் படித்த அதே கண் மறுபடியும் அப்படியேதான் படிக்கும்.

எண் ஒன்று இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2015 மார்ச் 10 அன்று சிட்னியில் நடந்தது சாட்சி. கோலாலம்பூர் போக வேண்டிய ஏர் ஏசியா எக்ஸ் விமானத்தில், நின்றிருந்த இடத்தின் தீர்க்கரேகையைக் கேப்டன் கையால் பதிந்தார். 151 டிகிரி 9.8 நிமிடம் என்பது 15 டிகிரி 19.8 நிமிடமாக விழுந்தது. கணினி தன்னை ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு அருகில், கடலில் இருப்பதாக எண்ணிக்கொண்டது. 11,000 கிலோமீட்டருக்கும் மேல் பிழை. எச்சரிக்கைகள் வந்தன, ஆனால் யாரும் அவற்றின் பொருளை அறியவில்லை. விமானம் மேலெழுந்த சற்று நேரத்தில் தானியங்கி ஓட்டுநர் தவறான பக்கம் திருப்பியது. பிழையைக் காற்றிலேயே சரிசெய்ய முயன்றதில் வழிகாட்டல் கருவிகள் மேலும் கெட்டன. சிட்னியில் வானிலை சரியில்லாததால் கடைசியில் மெல்போர்னில், கண்ணால் பார்த்து இறக்கினார்கள். எல்லோரும் பத்திரம். செயற்கைக்கோள் காட்டும் இடத்தையும் கையால் பதிந்த இடத்தையும் ஒப்பிடும் மேம்பட்ட மென்பொருள் அந்த விமானத்தில் அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை.

பெயரும் ஏமாற்றும். 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரில் இறங்கவிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் ‘ரோஸோ’ என்ற வானொலி நிலையத்தை நோக்கிப் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் அதற்கு ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்து. கணினியில் அந்த எழுத்தைத் தட்டித் தேர்ந்தெடுத்தபோது வந்ததோ பொகோட்டாவுக்கு அருகிலிருந்த ‘ரோமியோ’. விமானம் மலைகளின் பக்கம் திரும்பியது. அதிலிருந்த 163 பேரில் 4 பேர் பிழைத்தார்கள். சொந்தப் புள்ளிக்குப் பெயர் வைக்கும்போது, வெளியிடப்பட்ட புள்ளியின் பெயர் போலத் தோன்றும் எதையும் வைக்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. பெயர் எப்படியும் நம் கணினியை விட்டு வெளியே போகாது. கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்பும் திட்டத்தில் அது அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றப்பட வேண்டும். அந்தப் படிவத்தில் டிகிரிக்கும் நிமிடத்துக்கும் இடமுண்டு, விநாடிக்கு இல்லை. நாம் எவ்வளவு நுணுக்கமாக வைத்த புள்ளியானாலும் அங்கே சற்று நகர்ந்துதான் போய்ச் சேரும்.

சொந்தப் புள்ளிகளையே நம்பி நாள்தோறும் நூற்றுக்கணக்கான விமானங்கள் கடக்கும் இடம் வட அட்லாண்டிக் கடல். நடுக்கடலில் பெயருள்ள புள்ளிகள் கிடையாது. பத்துப் பத்து டிகிரி தீர்க்கரேகைக்கு ஒன்றாக வெறும் எண்களே புள்ளிகள். வடக்கு 50, மேற்கு 40 என்ற இடத்தை விமானக் கணினிக்கு ஐந்தே எழுத்தில் சொல்லலாம்: 5040 என்ற எண், அதன் பின்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து. அரை டிகிரி வடக்கே உள்ள புள்ளிக்கு அதே ‘என்’ எழுத்தை முன்னால் போட்டு எழுதும் முறையும் இருந்தது. எழுத்து பின்னாலிருந்து முன்னால் வந்தால் 30 கடல் மைல். இந்தக் குழப்பம் விலகல்களுக்கு வழிவகுத்ததால், அரை டிகிரிப் புள்ளிகளுக்கு ‘எச்’ எழுத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

அதோடு தீரவில்லை. பல விமானங்களின் சிறிய திரை ஏழு எழுத்துகளையே காட்டும். 50 டிகிரியானாலும் 50 டிகிரி 30 நிமிடமானாலும் அங்கே தெரிவது ஒன்றுதான், நிமிடங்கள் வெட்டுப்பட்டுவிடும். 2015-இல் அரை டிகிரி இடைவெளியில் கடல் தடங்கள் வகுக்கப்பட்டபோது இது பெரிய கவலையாயிற்று. ஆகவே விமானிகளுக்குக் கட்டளை தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் விரித்து முழு எண்ணையும் படிக்க வேண்டும். ஒருவர் பதிந்ததை இன்னொருவர், முதலாமவர் சொல்லாமலே, தானாகச் சரிபார்க்க வேண்டும். புள்ளிகளுக்கு இடையிலான திசையையும் தூரத்தையும் அச்சிட்ட திட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

பிறகு ஒவ்வொரு புள்ளியையும் கடந்து பத்து நிமிடம் ஆனதும், அப்போதைய இருப்பிடத்தை வரைபடத்தில் குறித்து, அனுமதிக்கப்பட்ட கோட்டின் மேல் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். ஏன் பத்து நிமிடம்? 50-ஆவது அட்சரேகையில் பத்து டிகிரி தீர்க்கரேகை ஏறத்தாழ 386 கடல் மைல். அடுத்த புள்ளியில் 30 மைல் பிழை இருந்தால், மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் பத்து நிமிடத்தில் 80 மைல் ஓடிய விமானம் கோட்டைவிட்டு 6 மைல் விலகியிருக்கும். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிய அது போதும். பக்கத்துத் தடத்தில் வரும் விமானத்துக்கு இன்னும் 24 மைல் மிச்சமிருக்கும்.